பஸ்ஸுக்கு வாய்த்த குரல்

விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகிற ரோட்டுக்குப் புதுத் தார் போட்டதில் ஊருக்கெல்லாம் சந்தோஷம், வளர்மதி டீச்சர் ஒருத்தியைத் தவிர. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறவளுக்கு அந்த ரோட்டின் குழிகள்தான் ஊர்களின் பெயர்கள். பஸ் இடது பக்கமாகச் சாய்ந்து எழுந்தால் கரும்பு லாரிகள் தோண்டிவைத்த பள்ளம். அதற்கப்புறம் முந்திரிக்காட்டுக் காற்று முகத்தில் அடிக்கும். வரிசையாக நாலைந்து குலுக்கல் வந்தால் கருவேப்பிலங்குறிச்சி. கடைசியில் சாமிக்கண்ணு டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றுகிற ஒரு பெரிய பள்ளம் வரும். அங்கே எழுந்து கம்பியைப் பிடித்து நின்றால் அவள் சரித்திரம் நடத்துகிற பள்ளிக்கூடத்தின் வாசல்.

புது ரோட்டில் பஸ் எண்ணெயில் வழுக்குகிற மாதிரிப் போனது. வளர்மதி பள்ளத்துக்காகக் காத்திருந்தாள். பள்ளம் வரவேயில்லை. ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்கள் கூவுகிற சத்தம் கேட்டபோதுதான் நடந்தது புரிந்தது. அந்த பஸ்ஸுக்கு முதலாளியும் தேவநாதன்தான், கண்டக்டரும் அவர்தான். கூட்டத்தில் குரல் கொடுக்க மறந்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஷேர் ஆட்டோ பிடித்து அவள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடவேளை முடிந்திருந்தது.

சாயங்காலம் வீட்டில் முருங்கைக்கீரையைப் பிசைந்துகொண்டே இதைச் சிரிப்பாகச் சொன்னாள். தம்பி பாரி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மனைவி மோகனப்பிரியா சிரிக்கவில்லை. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது வளர்மதிக்குக் கேட்டது.

"அண்ணி, எந்த ஊருன்னு பஸ்ஸே சொன்னா எப்படி இருக்கும்?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

பிரியா எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். புதுச்சேரியில் எந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தாள். கல்யாணமாகி விருத்தாசலம் வந்தபின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, பம்புசெட்டு ஸ்டார்டர், இன்வெர்ட்டர் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் பிரித்துப் பார்ப்பாள். அவள் வந்த நாளிலிருந்து வீட்டில் சூடான ஈயத்தின் வாசனை. பாரி செராமிக் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் அச்சு செய்கிறவன். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்கும் பொம்மைகளுக்கும் அவன் செய்கிற அச்சில்தான் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். அவன் உள்ளே நுழைந்தால் ஈரமண் வாசனை வரும். இந்த இரண்டு வாசனைக்கும் நடுவில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பரை யாராவது படிக்கச் சொல்லிக் கேட்பது வளர்மதிக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்கிற ஒரு பெட்டியைச் செய்கிற வேலை அன்றைக்கே ஆரம்பித்தது. பிரியா அதை வளர்மதிக்கு விளக்கினாள். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்துப் பெட்டி தான் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்ளும். ஒரு நிறுத்தம் நெருங்கியதும் பதிந்து வைத்த குரல் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும். அவ்வளவுதான்.

"யாரு குரலு?"

"உங்களுதுதான். முப்பது புள்ளைங்களக் கட்டி மேய்க்கிற குரலு இந்த வூட்டுல வேற யாருக்கு இருக்குது?"

கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்கப் பதிவு செய்தார்கள். எடுத்த எடுப்பில் ஒரு வணக்கமும் பஸ் போகிற ஊரும். அப்புறம் ஒவ்வொரு ஊராக. பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு தடவை விசிலடித்துக் கெடுத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் கிளம்பும்போது சொல்ல வளர்மதி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள்: "படியில நிக்கிறவங்க உள்ள வாங்க." பாடப்புத்தகத் தமிழில் சொல்லலாமே என்று பாரி கேட்டான். அதில் சொன்னால் ஒருத்தனும் அசையமாட்டான் என்று அவள் சொல்லிவிட்டாள்.

மேசையில் பெட்டி பிசகில்லாமல் பேசியது. பிரியா அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினாள். அப்போதும் பேசியது. தேவநாதனுக்கு இதில் ஆர்வம் இல்லாவிட்டாலும், டீச்சரைத் தாண்டிக் கூட்டிப்போன குற்ற உணர்ச்சி இருந்தது. டிரைவர் சீட்டுக்கு இடது பக்கம், எஞ்சின் மூடியை ஒட்டி, பாட்டுப்பெட்டிக்குப் போகிற ஒயர் பக்கத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். வேறு எங்கே மாட்டினாலும் கூட்டத்தில் யாராவது பிய்த்துவிடுவார்கள் என்பது அவர் வாதம்.

பஸ்ஸில் போட்டதும் அது வேறு பெட்டியாகிவிட்டது. சாமிக்கண்ணு ஹாரன் பிரியர். எதிரில் காக்காய் உட்கார்ந்திருந்தாலும் நீளமாக ஒன்று கொடுப்பார். அவர் ஹாரனை அழுத்தும்போதெல்லாம் பெட்டி செத்துப் பிழைத்தது. பிழைத்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தது. "வணக்கம். இந்தப் பஸ்ஸு ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் போவுது." ஒரு ஆட்டோவுக்கு ஒரு வணக்கம். ஒரு மாட்டுக்கு ஒரு வணக்கம். பின்சீட்டில் இருந்த அவளுடைய பத்தாம் வகுப்புப் பையன்கள் ஒவ்வொரு தடவையும் கோரஸாக "வணக்கம் டீச்சர்" என்று இழுத்தார்கள். பள்ளிக்கூடம் வருவதற்குள் மொத்த பஸ்ஸும் அவர்களோடு சேர்ந்துகொண்டது.

வளர்மதிக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வந்தது. அடுத்த நாள் பிரியாவும் கூட வந்து, மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு எஞ்சின் மூடிப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஹாரன் அடிக்கிற நேரத்தில் அது கரண்டை ஒரே இழுப்பாக இழுக்கிறது, அந்தக் கணத்தில் பெட்டிக்குக் குடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று கண்டுபிடித்தாள்.

"பந்தியில பக்கத்து எலைக்காரன் எல்லா சாம்பாரையும் வாங்கிக்கிட்ட மாதிரி அண்ணி. நம்ம எலைக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்து வச்சிரணும்."

அப்படி எடுத்து வைக்க ஒரு பெரிய கெப்பாசிட்டரும், வைத்தது திரும்ப ஓடிவிடாமல் தடுக்க ஒரு டையோடும் சேர்த்தாள். வணக்கம் ஒன்றோடு நின்றது. பையன்களுக்குத்தான் ஏமாற்றம்.

அடுத்து வெயில் வந்தது. பங்குனி வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து பிளாஸ்டிக் பெட்டியை வாட்டின. ஒருநாள் வளர்மதி தொட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. பாரி வீட்டிலிருந்த பிஸ்கட் தகர டப்பாவை வெட்டி, ஓட்டை போட்டு, போர்டை அதற்குள் வைத்துக் கொடுத்தான். தகரம் உருகாது. ஆனால் தகரத்துக்குள் வானத்துச் சிக்னல் நுழையாது. மூடியைப் போட்டதும் பெட்டிக்குக் காது அடைத்துக்கொண்டது.

அது பிரியாவுக்கும் தெரியும். வேறு டப்பா கிடைக்கும்வரை ஓட்டலாம் என்று நினைத்தாள். சிக்னல் வராத நேரத்தில் பஸ் கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து, இந்நேரம் இந்த ஊர் வந்திருக்கும் என்று பெட்டி ஊகித்துக்கொள்ளும்படி எழுதி வைத்தாள். இரண்டு நாள் ஊகம் சரியாகவே இருந்தது.

மூன்றாம் நாள், வளர்மதி பள்ளிக்கூடத்தில் இருந்த மத்தியான டிரிப்பில், ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு பெரிய ஆட்டு மந்தை கடந்தது. சாமிக்கண்ணு எஞ்சினை ஓடவிட்டபடியே காத்திருந்தார். பெட்டிக்கு ஆடுகளைப் பற்றி என்ன தெரியும்? மந்தை போய் பஸ் கிளம்பிய சற்று நேரத்தில், முந்திரிக்காட்டு நடுவில், "கருவேப்பிலங்குறிச்சி எறங்குறவங்க எறங்குங்க" என்றது. அன்றைக்கு ஒரு நிச்சயதார்த்தக் கூட்டம் சீர்த்தட்டுகளோடு ஏறியிருந்தது. வெளியூர்க்காரர்கள். ஒருவர் விசிலடித்தார், சாமிக்கண்ணு நிறுத்தினார். தேவநாதன் பின்படியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். தட்டுத் தட்டாக எல்லாம் இறங்கிவிட்டன. பஸ் போய்விட்டது. வாழைப்பழத்தையும் புடவையையும் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் உச்சிவெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். பெண் வீட்டார் ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, யாரோ டீச்சராம், இறங்கச் சொன்னார்கள், இறங்கினோம் என்று சொன்னார்களாம்.

சாயங்காலம் திரும்பி வரும்போது தேவநாதன் பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டு வளர்மதியின் மடியில் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். பழையபடி நானே கத்திக்கிறன்."

அன்றைக்கு வீட்டில் பச்சை முந்திரிக் குழம்பு. பால் கசியும் முந்திரியை உரித்து உரித்துப் பிரியாவின் விரலெல்லாம் பொத்துப்போயிருந்தது. யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை. தப்பு நடந்ததைவிட, தன் குரலை நம்பி ஜனங்கள் வெயிலில் நடந்தார்கள் என்பதுதான் வளர்மதியை உறுத்தியது. வகுப்பில் ஒரு வருஷத்தை மாற்றிச் சொல்லிவிட்டாலே அடுத்த நாள் திருத்திவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பாள்.

பிரியா சொம்பை வைத்துவிட்டு மெதுவாகப் பேசினாள். புதுச்சேரி கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் போய்ச் சேரலாம் என்று இருக்கிறாள். வாரக் கடைசியில் வந்துவிடுவாள். பாரிக்கு ஏற்கெனவே தெரியும் போலிருந்தது.

"பொட்டி பேசலன்னு போறியா? இல்ல, நெசமாவே போவணும்னு போறியா?" என்று வளர்மதி கேட்டாள்.

"அங்கன்னா தப்புப் பண்ணா போர்டுதான் வீணாவும் அண்ணி. இங்க பண்ணா உங்க பேரு கெடுது."

"எம் பேர நான் பாத்துக்கறன். ஆடு குறுக்க வரும்னு நீ நெனைக்கல. நானுந்தான் நெனைக்கல. அந்தப் பொட்டிக்குத் தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லக் கத்துக் குடுத்தோம் பாரு, அதாண்டி தப்பு. தெரியலன்னா வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு. மத்தத அப்பறம் பாக்கலாம்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, கை போனபோக்கில் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். போர்டின் முனையில் ஒரு சின்னச் சதுரம் விரலில் பட்டது. வழவழப்பு. மற்றதெல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, அது மட்டும் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி அவளுக்கு நன்றாகத் தெரியும். பாரி கொண்டுவந்து அலமாரி நிறைய அடுக்கிவைத்திருக்கிற ஃபியூஸ் கட்டைகளின் குளிர்ச்சி.

"இது என்னாது, பீங்கானு மாதிரி இருக்குது?"

"சிக்னல் வாங்குற ஆன்டெனா அண்ணி. ஆமாம், பீங்கானுதான். பீங்கானுக்குள்ள சிக்னல் தாராளமாப்..."

அவள் முடிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஃபியூஸ் கட்டையை எடுத்தாள். பிறகு பாரி சிரிக்க ஆரம்பித்தான். ஊரே பீங்கான் செய்கிறது, வீட்டில் கால் இடறினால் பீங்கான், நாம் போய் பிஸ்கட் டப்பாவை வெட்டினோமே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பிரியாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஆறிப்போன முந்திரிக் குழம்பை மறுபடி சுடவைத்து எல்லாரும் இன்னொரு வாய் சோறு போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் மண் அவ்வளவு சுலபமாகப் பணிகிற சாமான் இல்லை. சூளைக்குப் போன மண் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று ஃபியூஸ் கட்டையில் பாரிக்குக் கைக்கணக்கு உண்டு. பெட்டி வேறு விதம். சுவர் மெல்லிசு, உள்ளே வெற்றிடம். முதல் பெட்டி சூளையிலிருந்து வந்தபோது அழகாக இருந்தது, ஆனால் போர்டு உள்ளே போகவில்லை. பிரியா அழுத்திப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். அடுத்த பெட்டியைப் பெரிதாகச் செய்தான். அது உள்ளே தாராளமாக இருந்தது, மூடிதான் வெந்ததில் முறுக்கிக்கொண்டு, ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை தூக்கியது. யூனிட்டில் கூட வேலை செய்கிறவர்கள் இதைப் பூனைக்குத் தண்ணி வைக்க எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார்களாம்.

வளர்மதிக்கு அதில் ஒரு வேலை கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்து விரல்நுனியால் உள்சுவரைத் தடவி, எங்கே மேடு, எங்கே போர்டு உரசுகிறது என்று சொல்வாள். பாரி அச்சைச் சுரண்டுவான். ஒரு கட்டத்தில், மண்ணை மட்டும் குறை சொல்லி என்ன, என் போர்டிலும் சோம்பேறித்தனமாக இடத்தை விட்டிருக்கிறேன் என்று பிரியா ஒத்துக்கொண்டு, போர்டைச் சின்னதாக மறுபடி செய்தாள். அவன் சுவரைக் கொஞ்சம் தடிப்பாக்கி மூடியின் விளிம்பைக் கீழே மடித்தான். இப்படி ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த பிறகு ஒருநாள் காலையில் போர்டு பெட்டிக்குள் 'டொக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை வளர்மதி இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்லிக் கேட்டாள். அதிர்ச்சி தாங்குவதற்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினார்கள்.

தேவநாதனிடம் பேச வளர்மதியே போனாள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் பெட்டியை வாங்கிப் பார்த்து, ஜாடி மாதிரி இருக்கிறதே, ஊறுகாய் போடலாம் என்றார். இனிமேல் அதற்குச் சந்தேகம் வந்தால் பேசாது என்று அவள் சொன்னாள்.

"தெரியலன்னா சும்மா இருக்குமா?"

"வாயத் தொறக்காது."

"மனுசனுக்கே அந்தப் பழக்கம் இல்லியே டீச்சர்," என்றவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, மாட்டுங்க. நீங்க பக்கத்துலயே குந்திக்கிட்டு வரணும். ஒரு ஊரு மாறுச்சின்னா நானே கழட்டிருவன்."

அன்றைக்குப் பஸ்ஸில் ஏறியவர்கள் யாரும் பெட்டியை நம்பவில்லை. ஜன்னலோரக்காரர்கள் எல்லாரும் வெளியே எட்டிப் பார்த்தபடி வந்தார்கள். வளர்மதி எஞ்சின் மூடிக்கு அந்தப் பக்கம் நுனிச்சீட்டில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரியா அவள் பின்னால் நின்றாள். சூடு பாதத்தில் ஏறியது. சாமிக்கண்ணு வேண்டுமென்றே ஹாரனை ஓயாமல் அடித்தார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்திரிக்காட்டுக் காற்று முகத்தில் அடித்தபோது வளர்மதி பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தாள். பெட்டி பேசவில்லை. ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது, பஸ் நின்றது, கிளம்பியது. அப்போதும் பேசவில்லை. யாரோ, இன்றைக்குப் பேச்சே நின்றுவிட்டது போல என்று முணுமுணுத்தார்கள்.

பிறகு அவள் குரல் வந்தது. "கருவேப்பிலங்குறிச்சி எறங்குறவங்க எறங்குங்க."

பஸ்ஸில் எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்புகிற சலசலப்பு அவளுக்குக் கேட்டது. டீக்கடைப் பாட்டு, பஜ்ஜி வாசனை, சைக்கிள் மணி. சரியான இடம். பின்னாலிருந்து ஒரு ஆள், பார்றா, என்று மட்டும் சொன்னார். வயல் வேலைக்குப் போகிற பெண்கள் கூடைகளோடு இறங்கினார்கள். இறங்கும்போது ஒருத்தி வளர்மதியின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த நிறுத்தத்தில் அவளுடைய பையன்கள் ஏறிப் படியில் தொங்கினார்கள். "படியில நிக்கிறவங்க உள்ள வாங்க" என்று பெட்டி சொன்னதுதான் தாமதம், டீச்சர் பஸ்ஸில் இருக்கிறார்களா இல்லையா என்று பார்க்காமலேயே எல்லாம் உள்ளே குதித்தன. தேவநாதன் பையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இருபது வருஷமாகத் தான் கத்தாத கத்தா, ஒருத்தன் கேட்டானா என்றார். பள்ளிக்கூட வாசலில் அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவள் குரலே அவளைக் கூப்பிட்டது, அவளாக எழுந்து அவளாக இறங்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலமே பிரியா புதுச்சேரிக்குப் போன் பேசினாள். வரவில்லை, வேண்டுமானால் சின்ன போர்டு வேலைகளை இங்கே அனுப்பிவையுங்கள், செய்து தருகிறேன் என்று சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவள் சிரித்துக்கொண்டே, இங்கே பீங்கானில் பெட்டி கிடைக்கும் என்றாள். வளர்மதி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காதது போல, கேழ்வரகுக் கூழுக்கு மோர் மிளகாய் வறுக்கட்டுமா என்றாள்.

இனி வம்பில்லை என்று இருந்தபோது ஒரு வம்பு வந்தது. கருவேப்பிலங்குறிச்சி தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளடங்கி, புளியங்குட்டை என்று ஒரு சிற்றூர். அங்கே நிறுத்தம் கிடையாது. கை காட்டினால் சாமிக்கண்ணு மனசு வைத்து நிறுத்துவார். அந்த ஊர்ப் பெண்கள் ஒருநாள் பஸ்ஸை மறித்து ஏறாமல் நின்றுகொண்டார்கள். அவர்களில் மூத்தவள் தனக்கோடி. களையெடுக்கப் போகிறவள், கணீரென்று பேசுகிறவள்.

"ஏங்க டீச்சர், எல்லா ஊரயும் சொல்றீங்க. எங்க ஊரு மட்டும் என்னா பண்ணுச்சி?"

நிறுத்தமே இல்லாத இடத்துக்கு எப்படி என்று தேவநாதன் சொல்ல வாயெடுத்தார். பெட்டி சொல்லிவிட்டால் அது நிறுத்தம்தானே என்றாள் தனக்கோடி. பஸ்ஸிலிருந்தவர்கள் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். தேவநாதன் சாமிக்கண்ணுவைப் பார்த்தார். சாமிக்கண்ணு எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடிக் கட்டை எடுத்தார்.

அன்றைக்குப் பிரியாவும் கூட வந்திருந்தாள். போனை எடுத்து வளர்மதியின் வாயருகே பிடித்தாள். இங்கேயேவா என்று கேட்டாள் வளர்மதி. இங்கேயேதான். ஊரே ரோட்டோரம் கூடிவிட்டது. தனக்கோடி எல்லாரையும் அதட்டி அடக்கினாள். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையின் வாயில் முறுக்கைத் திணித்தார்கள். ரோட்டோரப் புளியமரத்தில் காற்றின் சத்தம் மட்டும்தான் இருந்தது. வளர்மதி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு நாளும் எந்த ஊர்ப் பெயரையும் சொல்லாத அக்கறையோடு சொன்னாள்: "புளியங்குட்டை. புளியங்குட்டை எறங்குறவங்க எறங்குங்க." கடைசி எழுத்து முடிவதற்குள் எங்கிருந்தோ ஒரு ஆடு நீட்டி முழக்கிக் கத்தியது.

மறுபடி எடுக்கலாம் என்றாள் பிரியா. ஊர்க்காரர்கள் ஒரே குரலாக வேண்டாம் என்றார்கள். அப்படியே இருக்கட்டும், அதுதான் அடையாளம்.

மறுநாள் காலையில் பஸ் புளியமரத்தை நெருங்கியது. பெட்டி வளர்மதியின் குரலில் ஊர்ப் பெயரைச் சொல்லி முடித்து, ஆட்டுக் குரலில் ஒருமுறை கத்தியது. பஸ்ஸே அதிரச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபின், இறங்குவதற்காகக் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், பக்கத்து சீட்டுக்காரியிடம் பெருமையை அடக்க முடியாமல் சொன்னது வளர்மதிக்குக் கேட்டது.

"அது எங்க ஆடுங்க."